நாலு ஏக்கர் செம்பாறை

உலகத்தைப் படைத்தவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். அதை வகைப்படுத்தியவர்கள் நாங்கள்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

நான் நிலப் பயன்பாட்டு வகைப்பாட்டு அலுவலகத்தில் முதுநிலை ஆய்வாளன். படித்தது மனிதப் புவியியல். மனிதர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், எதை விளைவிக்கிறார்கள், எதை எரித்து அடுப்பையும் ஆலையையும் ஓட்டுகிறார்கள், எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நின்றால் எந்த அரசுக்குக் கட்டுப்படுகிறார்கள் என்பதையெல்லாம் ஆராயும் அரிய துறை அது. எங்கள் வரைபடத்தில் ஒரு விரல் அகலம் என்றால் தரையில் ஒரு மைல். அந்த அளவில் மனிதர்கள் யாரும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் மனிதப் புவியியலை எங்களால் இவ்வளவு சுத்தமாக நடத்த முடிகிறது.

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கொள்கை உண்டு. நிலத்தை யாரும் நேரில் போய்ப் பார்க்கக் கூடாது. போனால் வெயில் அடிக்கும், செருப்பில் சேறு ஒட்டும், யாராவது குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிடுவார்கள். தண்ணீர் குடித்த வீட்டு நிலத்தைப் பற்றி நடுநிலையோடு எழுத முடியுமா? ஆகவே வானத்திலிருந்து செயற்கைக்கோள் எடுக்கும் படத்தைத்தான் நாங்கள் நம்புகிறோம். அதுவும் ஆண்டுக்கு ஒரே ஒரு படம். பச்சையாக இருந்தால் விளைநிலம். சாம்பலாக இருந்தால் ஊர். நீலமாக இருந்தால் தண்ணீர். சிவப்பாக இருந்தால் செம்பாறை, அதாவது எங்கள் கையேட்டின் மொழியில் ‘எதற்கும் உதவாத பரப்பு’.

படம் எடுக்கும் நாள், துறை தொடங்கப்பட்ட நாள். அந்த நாள் வெங்காய அறுவடை முடிந்த வாரத்தில் விழுகிறது என்பதைத் துறையைத் தொடங்கிய பெரியவர்கள் கவனித்திருக்க நியாயமில்லை. அவர்களும் நேரில் போனவர்கள் இல்லை. பிடுங்கிய சிவப்பு வெங்காயத்தைத் தாள் காயும்வரை வயலிலேயே பரப்பி வைப்பது விவசாயிகள் வழக்கம். மேலேயிருந்து பார்த்தால் மண்ணே தெரியாது. வரப்புக்கு வரப்பு ஒரே சிவப்பு.

இந்தச் சிவப்பை முதலில் கண்டுபிடித்த பெருமை எனக்கு உரியது. கிழக்குச் சரிவில் அது ஆண்டுக்காண்டு பரவிக்கொண்டே போனது. நான் பத்து வருடப் படங்களை அடுக்கி, கோடு கிழித்து, ‘கிழக்குச் சரிவில் செம்பாறைப் பரவல்: ஓர் எச்சரிக்கை’ என்று கட்டுரை எழுதினேன். அந்தப் பத்து வருடமும் அங்கே விளைச்சல் ஏறிக்கொண்டே போனது என்று வேளாண்மைத் துறை ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தது. அது வேறு துறை. அவர்கள் மாடி வேறு. கட்டுரைக்குப் பரிசாக எனக்குப் பதவி உயர்வும், கைப்பிடி வைத்த நாற்காலியும் கிடைத்தன.

அந்தச் சரிவில் என் அக்காவின் நாலு ஏக்கரும் இருக்கிறது. இதைக் கட்டுரையில் நான் குறிப்பிடவில்லை. ஆராய்ச்சியில் குடும்ப விஷயத்தைக் கலப்பது அழகல்ல.

இப்படி இருக்கும்போதுதான் ‘எரிசக்தித் தன்னிறைவு’ வந்தது. வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகளைப் பதிக்கத் தொள்ளாயிரம் ஏக்கர் வேண்டும், யாருக்கும் பாதிப்பில்லாத இடமாக இருக்க வேண்டும் என்று அரசு கேட்டது. நல்ல திட்டம். வெயில் நாடெங்கும் இருக்கிறது, மொட்டை மாடிகள் இருக்கின்றன, எங்கள் அலுவலகத்தின் மொட்டை மாடியே அரை ஏக்கர் தேறும். ஆனால் ‘எதற்கும் உதவாத பரப்பு’ என்று கட்டுரையோடும் வரைகோட்டோடும் நிரூபிக்கப்பட்ட இடம் நாட்டிலேயே ஒன்றுதான் இருந்தது. கிழக்குச் சரிவு முழுவதற்கும் நோட்டீஸ் போனது.

மறுநாள் காலை பத்தரைக்கு அக்கா ஒரு சாக்கு மூட்டையோடு என் மேசை முன்னால் நின்றாள்.

“தம்பி, நம்ம நிலம் பாறையாமேடா. இருபது வருஷமா கொத்திக்கிட்டு இருக்கேன், மண்வெட்டியில ஒரு கல்லு தட்டினதில்ல.”

“அக்கா, மெதுவாப் பேசு. இது ஆபீஸ்.”

“மாமா நோட்டீஸப் பாத்ததுல இருந்து சோத்துல கை வைக்கல. நிலம் போயிடுச்சுன்னா அந்த மனுஷன் ஒடிஞ்சு போயிடுவாருடா. அவருக்கு வேற ஒரு வேலையும் தெரியாது. எனக்கும்தான்.”

“ஆட்சேபனைக் கூட்டம் பதினோரு மணிக்கு. மனுதாரர் அதுவரைக்கும் வெளியில உட்காரலாம்.”

“யாருடா மனுதாரர்?”

“நீதான்.”

அக்கா மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். தூக்கிவிட நான் எழுந்திருக்கலாம். கைப்பிடி வைத்த நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்திருப்பது அவ்வளவு சுலபம் இல்லை.

ஆட்சேபனைக் குழுவில் மூன்று பேர்: இயக்குநர், வரைபடக்காரர், நான். இயக்குநர் முப்பது வருடம் நிலத்தை ஆண்டவர், ஒரு முறையும் மிதித்ததில்லை. வரைபடக்காரர் எந்தக் கேள்விக்கும் படத்தை விரித்துக் காட்டுபவர். குளிரூட்டிய அறையில், நீள மேசையின் மேல், அக்கா சாக்கின் வாயை அவிழ்த்தாள். வெங்காயம் நாலா பக்கமும் உருண்டது. ஒன்று இயக்குநரின் மடியில் போய் விழுந்தது. அவர் அதைக் கண்ணாடி வழியாகவும் கண்ணாடிக்கு மேலாகவும் பார்த்தார்.

“இது என்ன?”

“வெங்காயங்கய்யா.”

“நீங்க அப்படிச் சொல்றீங்க. துறை என்ன சொல்லுது?”

வரைபடக்காரர் படத்தை விரித்தார். “செம்பாறை சார்.”

“படம் எடுத்த தேதி?”

“நம்ம துறை தொடங்கின நாள் சார்.”

இயக்குநர் மரியாதைக்குப் பாதி எழுந்து உட்கார்ந்தார்.

“ஐயா, அது நாங்க வெங்காயத்தப் புடுங்கிக் காயப் போட்டிருக்கற வாரம்” என்றாள் அக்கா. “அதுக்கு ஒரு மாசம் முந்தி எடுத்திருந்தா பச்சையா இருந்திருக்கும். பத்து நாள் கழிச்சு எடுத்திருந்தா வெறும் மண்ணுதான் தெரிஞ்சிருக்கும்.”

“அப்படின்னா, அந்த நாள்ல உங்க நிலம் சிவப்பா இருந்துச்சுன்னு ஒத்துக்கறீங்க?”

“ஆமாங்க. வெங்காயம் சிவப்புத்தானே.”

“எழுதிக்கோங்க. மனுதாரர் ஒப்புக்கொண்டார்.”

எழுதிக்கொண்டேன்.

“நான் எங்கங்கய்யா பாறைன்னு ஒத்துக்கிட்டேன்?”

“நீங்க சொல்றத வெச்சுப் பாத்தா, ஒரு மாசம் பச்சை, ஒரு வாரம் சிவப்பு, அப்புறம் மண்ணு. பாறை வந்து வந்து போகுது. இது நிலையான பாறையை விட ஆபத்தாச்சே?” இயக்குநர் என் பக்கம் திரும்பினார். “‘பருவகாலப் பாறை’ன்னு ஒரு தனி வகை போடலாமா?”

மறைப்பானேன், எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்னொரு கட்டுரைக்கு விஷயம் கிடைத்துவிட்டது.

அக்கா கை கூப்பினாள். “ஒரே ஒரு தடவை நேர்ல வந்து பாருங்கய்யா. வாசல்ல பஸ் ஏறினா ஒண்ணரை மணி நேரம்.”

பெரிய மனிதர்கள் கூடிய இடத்தில் சொல்லக் கூடாத வார்த்தையை யாரோ சொல்லிவிட்டது மாதிரி வரைபடக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். இயக்குநர்தான் கோபப்படாமல் விளக்கினார்.

“அம்மா, இன்னைக்கு உங்க நிலத்துக்கு வந்தா நாளைக்கு எல்லாரும் கூப்பிடுவாங்க. எல்லா இடத்தையும் நேர்ல போய்ப் பாத்துட்டா அப்புறம் வரைபடம் எதுக்கு? நாங்கதான் எதுக்கு?”

இந்தத் தர்க்கத்தை யாராலும் மறுக்க முடியாது.

ஆனாலும் எங்கள் குழு ஒருதலைப்பட்சமானது அல்ல. மேசையில் கிடப்பது பாறையா, இல்லையா என்பதை அறிவியல் முறையில் முடிவு செய்ய, ஆளுக்கு ஒரு பங்கு ‘மாதிரி’ எடுத்துச் செல்வதென்று தீர்மானம் ஆனது. இயக்குநர் பை கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துப் பொறுக்கினார்.

“அழுகலா ஒண்ணும் போட்டுடாதீங்க. நல்ல பாறையாப் பாத்துப் போடுங்க.”

“சார், சின்னப் பாறை இருந்தா எனக்கு ஒதுக்குங்க” என்றார் வரைபடக்காரர். “பெரிசா இருந்தா எங்க வீட்ல உரிக்க மாட்டேங்கறாங்க.”

பதினைந்து நிமிடத்தில் மேசை காலி. அக்கா வெறும் சாக்கைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

“தம்பி, நீயாவது வாயத் தொறந்து சொல்லேன். இது என்னன்னு உனக்குமா தெரியாது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் பேனாவைப் பார்த்தேன்.

“ஆய்வு முடிவு வரட்டும், மனுதாரர் அவர்களே.”

அவள் அழவில்லை. சாக்கை நாலாக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள். கூட்டக் குறிப்பில் ‘மனுதாரர்’ என்பதை இரண்டு முறை தப்பாக எழுதி அடித்தேன். அறை முழுக்க வெங்காய நெடி, அதனால்தான் இருக்கும்.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. ‘சேகரிக்கப்பட்ட மாதிரிகள் சோதனையின்போது முற்றிலும் கரைந்துவிட்டபடியால், அவை பாறை அல்ல என்பதற்கு ஆதாரம் கிட்டவில்லை.’ வரைபடம் தப்பியது. அன்று மாலை இயக்குநர் என் தோளில் கை போட்டார். முப்பது வருடத்தில் அவர் கை போட்ட மூன்றாவது தோள் என்னுடையது என்று பேசிக்கொண்டார்கள்.

“உங்க சரிவுப் பாறை நல்ல காரம்யா. வீட்ல திரும்பக் கேக்கறாங்க. இன்னும் ரெண்டு கிலோ மாதிரி கிடைக்குமா?”

“பார்க்கறேன் சார்.”

“அப்புறம், ஒரே ஒரு சம்பிரதாயம் பாக்கி. அந்த வட்டாரத்துல பிறந்து வளர்ந்த, படிச்ச ஆள் ஒருத்தர் ஒரு சான்று கொடுக்கணுமாம். சட்டம் போட்டவங்களுக்கு நம்ம படத்து மேல அவ்வளவு நம்பிக்கை! சான்று இல்லாட்டி அந்தச் சரிவையே விட்டுட்டு வேற இடம் பாக்கச் சொல்லிடுவாங்க. நீங்க அந்த ஊர்தானே?”

சான்று ஒரே ஒரு வரி. ‘இந்நிலத்தின் விளைச்சலால் எவரும் ஆளாகி மனிதரானதில்லை என்று அறிந்து உறுதி கூறுகிறேன்.’ கீழே கையெழுத்துக்குப் புள்ளியிட்ட கோடு. நான் மறுத்தால் அக்காவின் நிலம் தப்பும். என் கட்டுரை தப்பாது. இயக்குநர் தன் சொந்தப் பேனாவைத் திறந்து நீட்டினார். அவ்வளவு பெரியவர் பேனா நீட்டும்போது கையை மடக்கி வைத்துக்கொள்வது என்ன மரியாதை?

இன்று கிழக்குச் சரிவு முழுக்கத் தகடுகள். மேலேயிருந்து பார்த்தால் நீலமாக இருப்பதால், இந்த வருட வரைபடத்தில் அதை ஏரி என்று பதிவு செய்திருக்கிறோம். மீன் வளர்க்கலாமா என்று ஒரு துறை கேட்டு எழுதியிருக்கிறது. வெங்காயம் கப்பலில் வருகிறது. மாமா வாசலில் உட்கார்ந்திருக்கிறார், யாரோடும் பேசுவதில்லை. அக்கா தன் நாலு ஏக்கருக்கே தினமும் வேலைக்குப் போகிறாள், தகடு துடைக்க.

போன வாரம் அவளை வேலிக்கு வெளியே பார்த்தேன். கையில் ஈரத் துணி. எப்படியோ அந்தச் சான்றின் நகல் அவளுக்குக் கிடைத்திருக்கிறது.

“இது உன் கையெழுத்துத்தானேடா?”

“ஆமாக்கா.”

“இந்த மண்ணுல விளைஞ்சதத் தின்னுதானேடா வளர்ந்தே? இத வித்துத்தானே உன்னப் படிக்க வெச்சேன்? என் தம்பி இந்த நாலு ஏக்கர்ல படிச்சு மனுஷனானான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. எப்படிடா இப்படிப் பொய் எழுதினே?”

அக்கா படிக்காதவள். ஒரு அரசாங்க ஆவணத்தை எப்படிச் சரிபார்ப்பது என்று அவளுக்குத் தெரியாது. நான் வீட்டுக்கு வந்து பதற்றமில்லாமல் சரிபார்த்தேன். அந்த வெங்காயத்தைத் தின்றேன், உண்மை. அதில் வளர்ந்தேன், உண்மை. அதில் படித்தேன், பட்டம் சுவரில் தொங்குகிறது. நான் மனிதன் ஆனேன் என்பதற்குத்தான் எங்கே தேடியும் ஓர் ஆதாரம் அகப்படவில்லை. ஆகவே, சான்று செல்லும்.