அய்யாவுவின் சதுர முகம்

உயிர் போனாலும் முடி போகாது.

திங்கட்கிழமை காலை, குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, தலையில் கை வைத்து அய்யாவு எடுத்த சபதம் இது.

அந்தத் தலையைப் பார்த்த யாரும் சபதத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். வயது ஐம்பத்தேழு. அப்பா வழுக்கை. பெரியண்ணன் வழுக்கை. சின்னண்ணனுக்கு நெற்றி எங்கே முடிகிறது என்று தேட ஆள் அனுப்ப வேண்டும். அப்படிப்பட்ட குடும்பத்தில் அய்யாவு ஒருவர் தலையில் மட்டும் கடவுள் மூன்று பேருக்கு உள்ளதைக் கொட்டிவிட்டார். உள்ளே போன சீப்பு வெளியே வர வழி கேட்கும். பெங்களூர் பொம்மனஹள்ளியில் நிறுத்தி வைத்திருக்கிற வண்டிக் கண்ணாடி எல்லாவற்றுக்கும் அய்யாவுவைத் தெரியும். குனிந்து ஒரு சீவு சீவாமல் எதையும் தாண்ட மாட்டார்.

பொம்மசந்திராவில் பம்பு செட் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற சூப்பர்வைசர் அவர். பம்பு வளையத்தில் ஒரு மயிரிழை கூடக் குறைந்தாலும், 'ரிஜெக்ட்' என்று தூக்கிப் போட்டுவிடுவார். வீட்டிலும் அதே கண்தான். ஒரு நாள் காலண்டர் சாய்ந்திருக்கிறது என்று ஆணியைத் தட்ட ஆரம்பித்தார். இந்தப் பக்கம் தட்டி, அந்தப் பக்கம் தட்டி, நேராகிற சமயத்தில் சுவர் காரை பெயர்ந்து விழுந்தது. இன்றைக்கும் அந்தக் காலண்டர் பீரோ மேல் படுத்துக்கொண்டுதான் தேதி காட்டுகிறது.

வருகிற சனிக்கிழமை கம்பெனி ஆண்டு விழா. இந்த வருஷத்துச் சிறந்த சூப்பர்வைசர் அய்யாவு. மேடையில் மாலை, சால்வை. அங்கே எடுக்கிற போட்டோவைப் பெரிசு பண்ணி கேட்டுக்கு உள்ளே ஒரு வருஷம் மாட்டி வைப்பார்கள். ஷிப்டுக்கு வருகிற அத்தனை பேரும் அய்யாவு முகத்தில் விழித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

இந்த நேரம் பார்த்துத்தான், முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை டிபனுக்குத் தோசை வார்த்துக்கொண்டே சொர்ணம் மெல்ல ஆரம்பித்தாள்.

"என்னங்க, தாரணியை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போனாங்களே, அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு நம்ம மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். குழந்தையும் பொண்ணும் நல்லபடியா வந்துட்டா உங்க முடியைக் கொடுக்கறேன்னு. இந்த வெள்ளிக்கிழமை செலுத்திடலாம்."

அய்யாவு வாயில் இருந்த தோசை அங்கேயே நின்றுவிட்டது.

"என்னது? மொட்டையா?"

சொர்ணம் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"வேண்டுதல் உன்னது. முடி மட்டும் என்னதா? உன் முடியை வேண்டிக்கிறதுதானே?"

"என் முடி என்னங்க, எலி வால் மாதிரி. சாமிக்குக் கொடுக்கறது உசத்தியா இருக்க வேண்டாமா? நம்ம வீட்டுல உசத்தின்னா உங்க தலைதான்."

அய்யாவுக்குக் கோபம் பாதி வழியில் நின்று போனது. உசத்தி என்று சொல்லிவிட்டாளே! எதிர்த்துப் பேசினால் முடிக்கு மரியாதை இல்லை. பேசாவிட்டால் முடியே இல்லை. அதிலும் பெண் பேரில் வைத்த வேண்டுதல். முடியாது என்று சொல்ல நாக்கு வருமா? அதனால் அவர் முடியாது என்று சொல்லவில்லை. முடியாது என்று வேறு யாராவது சொல்ல வேண்டும்.

கீழ் வீட்டு வெங்கி நினைவுக்கு வந்தான். வைட்ஃபீல்டில் ஒரு பெரிய சலூனில் வேலை. அங்கே முடி வெட்ட மாட்டார்களாம், ஸ்டைல்தான் பண்ணுவார்களாம். திங்கட்கிழமை அவனுக்கு லீவு. அய்யாவு சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் கையோடு மேலே கூட்டி வந்துவிட்டார்.

"வெங்கி, சனிக்கிழமை போட்டோ. எனக்கு என்ன ஸ்டைல் நல்லா இருக்கும்?"

"அப்படி வாயால சொல்லக் கூடாதுண்ணா. முதல்ல மூஞ்சி என்ன ஷேப்புன்னு பாக்கணும். ஓவலா, ரவுண்டா, ஸ்கொயரா, லாங்கா... மூஞ்சிக்கு ஏத்த முடி. எல்லாம் அளவுண்ணா, அளவு!"

அளவு என்ற சொல்லைக் கேட்டதும் அய்யாவு நிமிர்ந்து உட்கார்ந்தார். சொர்ணம் ஜாக்கெட் தைக்கிற டேப் வந்தது. வெங்கி நெற்றியை அளந்தான். கன்னத்தை அளந்தான். தாடையை அளந்தான். முடி ஆரம்பிக்கிற இடத்திலிருந்து முகவாய்க்கட்டை வரைக்கும் இழுத்துப் பிடித்து அளந்தான். கண்ணாடியில் தெரிகிற முகத்தைச் சுற்றி, சொர்ணத்தின் சோப்பால் ஒரு கோடும் போட்டான்.

"எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவுண்ணா. தாடை வேற மூலை மூலையா நிக்குது. பக்கா ஸ்கொயர்!"

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த சொர்ணம் நிமிர்ந்தாள். "சதுரமா வெங்கி? தர்ட்டி ஃபார்ட்டி வீட்டு சைட்டு மாதிரியா?"

"சும்னே இருங்கக்கா. தர்ட்டி ஃபார்ட்டின்னா லாங் ஃபேஸு. அண்ணனுது ஃபார்ட்டி ஃபார்ட்டி."

"அடேயப்பா! பெங்களூருல இவ்வளவு பெரிய இடத்தை வெச்சுக்கிட்டா இத்தனை வருஷமா வாடகை வீட்டுல இருக்கோம்?"

அய்யாவு அதைக் காதில் வாங்கவில்லை. "சதுர முகத்துக்கு என்ன பண்ணணும் சொல்லு."

"சைடு ரெண்டும் குறைக்கணும். சமமா இருக்கணும், அதான் முக்கியம். மேல மட்டும் தூக்கி நிறுத்தணும். மூஞ்சி நீளமாத் தெரியும். சக்கத்தா இருக்கும்ணா!"

அய்யாவு வெங்கி பக்கம் சாய்ந்தார். கண்ணைச் சிமிட்டினார். பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டார்.

"அப்போ இந்த மூஞ்சிக்கு மொட்டை போட்டா?"

வெங்கி அவரைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். மறுபடி அவர் சிமிட்டுகிற கண்ணைப் பார்த்தான்.

"பேடாண்ணா, வேண்டவே வேண்டாம்! நாலு மூலையும் வெளிய தெரியும். டப்பா மாதிரி ஆயிடும்."

"கேட்டியா சொர்ணம்? நான் சொல்லலை. அளவு சொல்லுது."

சொர்ணம் அடுத்த காம்பை எடுத்தாள். கீரையை உருவினாள்.

அவள் மார்க்கெட்டிலும் அப்படித்தான். கடைக்காரர் விலை சொன்னால் எதிர் விலை சொல்ல மாட்டாள். கீரைக் கட்டைக் கையில் எடுத்து, புரட்டி, பெருமூச்சு விட்டு, பேசாமல் நிற்பாள். கடைக்காரர் தானாக இறங்குவார். பை தூக்கிக்கொண்டு பின்னால் நிற்கிற அய்யாவு, என் பெண்டாட்டி சாமர்த்தியம் யாருக்கு வரும் என்று பூரித்துப் போவார்.

வெங்கி போனதும் அய்யாவு ஆரம்பித்தார்.

"கோயில்ல கூழ் ஊத்தறாங்களே, அதுக்கு ஒரு மூட்டை கேழ்வரகு நாமே கொடுத்துடலாமா?"

சொர்ணம் ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள்.

"சரி, ரெண்டு மூட்டை. அம்மனுக்குப் பட்டுப்புடவையும் சாத்திடலாம்."

சொர்ணம் பெருமூச்சு விட்டாள். "எதுக்குங்க அதெல்லாம்? தாரணிக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன். அம்மா வேண்டிக்கிட்டது வாஸ்தவம்தான் கண்ணு, அப்பாவுக்கு மூஞ்சி சதுரமாப் போச்சுன்னு."

"ஐயையோ, அதெல்லாம் குழந்தைகிட்டச் சொல்லாதே!" அய்யாவு பதறினார். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. "சொர்ணம், பூமுடி! பொம்பளைங்க கொடுப்பீங்களே, மூணே மூணு கத்தரி. அதுவும் முடி காணிக்கைதானே? நான் பூமுடி கொடுத்துடறேன்!"

சொர்ணம் கீரையைக் கீழே வைத்தாள். பூஜை அலமாரிப் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

"சரிங்க. நீங்க இவ்வளவு சொல்றப்போ நான் என்ன பண்றது? அம்மன்கிட்ட நான் பேசிக்கறேன்."

அய்யாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் அவர் பேசி ஜெயித்தது இதுதான் முதல் தடவை. அப்போதே கீழே இறங்கிப் போய் வெங்கியிடம் மீசையை முறுக்கினார்.

"மூணு கத்தரியில முடிச்சுட்டேன் வெங்கி. அதையும் சைடுல கொடுத்துடப் போறேன். எப்படியும் சைடு குறைக்கணும்தானே? அம்மனுக்கும் ஆச்சு, போட்டோவுக்கும் ஆச்சு. சனிக்கிழமை காலையில நீ வந்து மேல தூக்கி நிறுத்தினா போதும்!"

அம்மனுக்கே கணக்குச் சொல்கிறவரை அம்மன் என்ன நினைத்தாளோ, நமக்குத் தெரியாது.

கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் சேர்ந்து, பொம்மனஹள்ளியில் ஒரு சந்துக்குள் கட்டின சின்னக் கோயில் அது. வெள்ளிக்கிழமை வேப்பிலையும் கூழ் வாசனையுமாக நிறைந்து கிடந்தது. வேப்பமரத்தடியில் அசோகன் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். ஒசூர் ரோட்டில் கடை வைத்திருக்கிறவர். ஆடி வெள்ளியில் கோயிலுக்கு முடி இறக்க வந்துவிடுவார். அவருக்கு முன்னால் நீள வரிசை.

"பூமுடிங்களா? நெத்தி மேல ஒரு கொத்து, காதோரம் ரெண்டு. உக்காருங்க சாமி."

"நெத்தியில கை வெக்காதப்பா! அது ஹைட்டு. என்னுது சதுர முகம். வலது சைடு ஒண்ணு, இடது சைடு ஒண்ணு, பின்னாடி ஒண்ணு எடு."

அசோகன் யாரிடமும் வாதாடுகிறவர் இல்லை. கத்தரி மூன்று தரம் பேசியது. தட்டில் மூன்று கொத்து விழுந்தது. சொர்ணம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நிறைந்த மனசோடு கோயிலைச் சுற்றப் போனாள்.

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். அய்யாவு பையிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்தார். முகத்தை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். கண்ணைச் சுருக்கினார்.

"இடது பக்கம் பள்ளம் ஜாஸ்தி. வலது பக்கம் இன்னொண்ணு எடு."

"மூணு ஆயிடுச்சுங்களே சாமி."

"மூணு அம்மனுக்கு. இது ஃபினிஷிங்."

வலது பக்கம் எடுத்தார். இப்போது வலது குறைந்தது. இடது பக்கம் எடுத்தார். இடது குறைந்தது. இரண்டும் ஒத்து வந்தபோது பின்பக்கம் ஒத்து வரவில்லை. பம்பு வளையத்தைத் தூக்கிப் போடுகிற மாதிரி அய்யாவு ஒவ்வொன்றையும் ரிஜெக்ட் பண்ணிக்கொண்டே வந்தார். வரிசையில் நின்ற ஒருவர், "ஏன் சார், ஆய்த்தா?" என்று, முடிந்துவிட்டதா எனக் கன்னடத்தில் கேட்டுப் பார்த்தார். இன்னொருவர் உட்கார்ந்தே விட்டார்.

கடைசியில் அய்யாவு நினைத்த மாதிரியே மயிரிழை பிசகாமல் இரண்டு பக்கமும் சமமாகிவிட்டது. ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லை. உச்சியில் மட்டும் ஒரு கொத்து, தொட்டியில் வைத்த தென்னங்கன்று போல நின்றது.

அந்த நேரம் பார்த்துத் தாரணி குழந்தையோடு வந்து சேர்ந்தாள். தாத்தாவைப் பார்த்தாலே வீறிடுகிற குழந்தை, தென்னங்கன்றைப் பார்த்து முதன்முதலாகக் கெக்கெக்கென்று சிரித்தது.

"அப்பா! என்னப்பா இது? பூமுடிதான்னு அம்மா சொன்னாங்களே?"

அய்யாவு குழந்தையைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில், கதவு எப்போது திறக்கும் என்று நின்றது ஞாபகம் வந்தது. அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் முடி என்ன, தலையையே கழற்றிக் கொடுத்திருப்பார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"பூமுடியெல்லாம் பொம்பளைங்களுக்கும்மா. உனக்காக வேண்டினது. அரைகுறையாக் கொடுப்பேனா? அசோகன், முழுசா எடுங்க!"

சொர்ணம் சுற்றி முடித்து வந்தபோது அய்யாவு தலை பளபளவென்று இருந்தது. அசோகன் கையைக் கூப்பிக்கொண்டு எழுந்தார். "அம்மா, நான் எடுத்தது மூணு. மீதியெல்லாம் சார் உத்தரவு." சொர்ணம் சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். சந்தனத்தைக் குழைத்து, தலை நிறையப் பூசிவிட்டாள்.

சனிக்கிழமை காலை சீப்பும் ஜெல்லுமாக மேலே வந்த வெங்கி வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அண்ணா! சதுர மூஞ்சிக்கு மொட்டை சக்கத்தா செட் ஆகுதே!"

"டப்பா மாதிரி ஆகும்னியேடா?"

"நீங்கதான்ணா கண்ணைக் கண்ணைச் சிமிட்டினீங்க."

மேடையில் முதலாளி ஒரு நிமிஷம் திகைத்தார். பெண்ணுக்கு வைத்த வேண்டுதல் என்று யாரோ காதில் சொன்னார்கள். அவர் மைக்கைப் பிடித்து, "வேலையில் மட்டும் இல்லை, சொன்ன சொல்லிலும் மயிரிழை குறைய விடாதவர் நம் அய்யாவு" என்றார். அரங்கமே கை தட்டியது. போட்டோ எடுத்தார்கள். சந்தனம் பூசின தலை, ரோஜா மாலை, எடுப்பான தாடை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சொர்ணம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த மனுஷனுக்கு இவ்வளவு அழகான முகம் இருப்பது முடிக்குள் தெரியாமலே போயிருந்தது.

திரும்பி வருகையில் ஒசூர் ரோட்டு நெரிசலில் ஆட்டோ நின்றது. தோளில் சால்வையோடு அய்யாவு கம்பீரமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தியா சொர்ணம்? நீகூட மனசு இளகிப் பூமுடிக்கு ஒத்துக்கிட்டே. நான் விட்டேனா? நீ வேண்டிக்கிட்டபடியே மொட்டை கொடுத்தேன்."

"நான் எங்கேங்க மொட்டைன்னு வேண்டினேன்? அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல வேண்டிக்கிட்டதே பூமுடிதான். மூணு கத்தரி."

அய்யாவு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடிப்பாவி! மொட்டையான்னு நான் கத்தினேனே, அப்பவே சொல்றதுக்கு என்ன?"

வெயில் படாமல் சால்வையை எடுத்து அவர் தலையில் மெல்லப் போர்த்திவிட்டாள் சொர்ணம்.

"மூணுன்னு சொல்லியிருந்தா, ஒண்ணுக்குப் பேரம் பேசியிருப்பீங்களேங்க."