ஏன் மேடமும் நாலாவது எபிசோடும்

போர்ட் பிளேயரில் நிலநடுக்கத்துக்குப் பயப்படாதவர்களை எனக்குத் தெரியும். கட்டில் ஆடினால் மறுபக்கம் புரண்டு படுத்துத் தூங்குகிற ஆசாமிகள் இங்கே ஏராளம். புயலுக்குப் பயப்படாதவர்கள், முதலைக்குப் பயப்படாதவர்கள்கூட உண்டு. ஆனால் ஏன் மேடத்துக்குப் பயப்படாத ஒரு ஜீவனை இந்தத் தீவுகளில் நான் இதுவரை சந்தித்ததில்லை.

மரைன் ஹில் சரிவில் இருந்த எங்கள் அரசு அலுவலகத்தில் அவர் சூப்பரின்டெண்டென்ட். தாத்தா காலத்தில் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பம். ஐந்தடிக்கும் குறைவான உயரம், மூக்கு நுனியில் கண்ணாடி. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. லீவு கேட்டால் கொடுத்துவிடுவார். ஃபைலில் தப்பு இருந்தால் அவரே திருத்திவிடுவார். பிறகு எதற்குப் பயம் என்கிறீர்களா? திங்கட்கிழமை பத்தரை மணிக்கு டீ வரும். டீயோடு கேள்வியும் வரும்.

"நேத்து லீவுல என்ன பாத்தீங்க?"

படமோ தொடரோ, பார்த்தது எப்படி இருந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். சொன்னதும் ஒரே ஒரு சொல் வந்து விழும்: "ஏன்?"

விருதுநகரிலிருந்து வேலை கிடைத்து வந்து சேர்ந்த எனக்கு இது தெரியாது. முதல் திங்கட்கிழமை சிரித்த முகத்தோடு, "ஒரு ஆக்‌ஷன் படம் பாத்தேன் மேடம், சூப்பர்" என்றேன்.

"ஏன்?"

"ஃபைட் எல்லாம் நல்லா இருந்துச்சு மேடம்."

"எந்த ஃபைட்டு?"

"அந்த மார்க்கெட்ல வர்றது..."

"அதுல அடி வாங்குறானே ஒரு குண்டுப் பய, அவன் என்ன தப்பு பண்ணான்?"

யோசித்துப் பார்த்தேன். காய்கறி வண்டியின் மேல் போய் விழுந்ததைத் தவிர அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. எனக்கு வியர்த்துவிட்டது. அதுவரை வாழ்நாளில் பார்த்த எல்லாப் படங்களுக்கும் சேர்த்து விளக்கம் கேட்டு மெமோ வந்த மாதிரி இருந்தது.

"அவனுக்கு வீட்டுல யாரு கஞ்சி வச்சுக் குடுப்பா? அதையும் ஒரு சீன் காட்டணும்ல" என்று சொல்லிவிட்டு மேடம் அடுத்த ஆளிடம் போனார்.

அடுத்த ஆள் பிஸ்வாஸ். என் பக்கத்து சீட். பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். பெங்காலி என்றாலும் தமிழ் சரளமாக வரும், பயந்தால் மட்டும் இந்தி வந்துவிடும். பிஸ்வாஸ் படமே பார்ப்பதில்லை. ஞாயிறு மாலை இணையத்தில் நாலு விமர்சனம் படித்து மனப்பாடம் செய்துகொண்டு வருவார்.

"ஒரு போலீஸ் தொடர் பாத்தேன் மேடம். இரண்டாம் பாதியில் திரைக்கதை தொய்வடைகிறது."

"அது எட்டு எபிசோடு. ரெண்டாம் பாதி எங்க ஆரம்பிக்குது?"

"மர் கயா" என்றார் பிஸ்வாஸ். செத்தேன் என்று அர்த்தம்.

வெளியாட்களுக்கும் விலக்கில்லை. ஒரு கையெழுத்துக்காக வந்த கான்ட்ராக்டர் ஒருவர், வாய் சும்மா இல்லாமல், தன் சம்சாரம் பார்க்கும் சீரியலில் மாமியார் மருமகளுக்குப் பாலில் விஷம் கலக்குகிறாள் என்று சொல்லிவைத்தார். "ஏன்?" என்றார் மேடம். சம்சாரத்துக்கு போன் போட்டு, அவள் தன் அக்காவுக்கு போன் போட்டு, நானூறு எபிசோடுக்கு முன்னால் நடந்த ஒரு நகைத் தகராறில் போய் விஷயம் முடிவதற்குள், கார் நிக்கோபார் தீவுக்கு அவர் ஏற வேண்டிய கப்பல் புறப்பட்டுவிட்டது.

மேடத்தின் சொந்த அபிப்பிராயங்கள் தனி ரகம். ஊரே நடுங்கிய ஒரு பேய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, "பாவம்பா, பன்னெண்டு வருஷமா ஒரே வீட்டுல கெடக்கு. ட்ரான்ஸ்ஃபர் கேக்க வேண்டியதுதானே" என்றார். துப்பறியும் தொடர் ஒன்றில் இன்ஸ்பெக்டர் எட்டு எபிசோடும் தூங்கவே இல்லையாம். "ஒரு தடவ லீவு லெட்டர் எழுதுனானா? இவன் புடிக்கலன்னா கொலகாரன் எங்க போயிருவான்?"

இப்படியே ஒரு வருடம் பயந்தபடி ஓடியது. அதற்குப் பிறகுதான் நிஜமான பயம் வந்தது.

ஒரு நாள் முகச்சவரம் செய்யும்போது இடது தாடைக்குக் கீழே, கழுத்தில், கோலிக்குண்டு மாதிரி ஒன்று கையில் பட்டது. வலி இல்லை. வலி இல்லாததுதான் மோசம் என்று போனில் போட்டிருந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, ஊசி குத்திக் கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். மூன்று வாரம் சட்டை மாற மாற சீட்டும் மாறியதே தவிர, நான் அந்தப் பக்கம் போகவில்லை. அம்மாவுக்குச் சொன்னால் அடுத்த விமானத்தில் வந்து நிற்பாள். டாலிகஞ்சில் நான் இருந்த ஒற்றை அறையில் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு வாழ்ந்தேன். விரல் மட்டும் நிமிஷத்துக்கொரு முறை கழுத்துக்குப் போய் வந்தது.

அந்தத் திங்கட்கிழமை என் முறை வந்தது.

"ஒரு காமெடி சீரீஸ் மேடம். நாலாவது எபிசோடு பாதியில நிறுத்திட்டேன்."

"ஏன்?"

"போர் அடிச்சுது."

"மொத மூணு?"

"நல்லா சிரிச்சேன் மேடம்."

"நாலாவதுல என்ன வருது?"

"பக்கத்து வீட்டுக்காரர... ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க."

மேடம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். மற்றவர்களைப் பார்த்து, "போதும், இன்னைக்கு இவ்வளவுதான். வேலையைப் பாருங்க" என்றார். எல்லோரும் உயிர் பிழைத்த வேகத்தில் கலைந்தார்கள். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு மெதுவாகப் பேசினார்.

"போன வாரம் போலீஸ் தொடர போஸ்ட்மார்ட்டம் சீன்ல நிறுத்துன. அதுக்கு முந்தின வாரம் டாக்டர் படம் புடிக்கலன்ன. யாருக்கு என்ன?"

என் விரல் கழுத்துக்குப் போய்ப் பதில் சொல்லிவிட்டது. அவர் என் கழுத்தைப் பார்த்தார். சீட்டை எடுத்து நீட்டினேன். மடிப்பு மடிப்பாகக் கிழியத் தொடங்கியிருந்தது.

"பயமா இருக்கு மேடம்" என்றேன்.

அந்த ஒரு பதிலுக்கு மட்டும் அவர் ஏன் என்று கேட்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "சலோ."

மேடத்தின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மரைன் ஹில் சரிவில் மழையில் இறங்கியவனுக்கு வேறு நோயைப் பற்றிய கவலை தேவையில்லை. ஒவ்வொரு வளைவிலும் "மாதாவே" என்று ஒரு குரல் கேட்டது. அவரா நானா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் நடை தளர்ந்தது. வரிசையில் உட்கார்ந்தபோது என் சீட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"எனக்கு இந்த வாடையே ஆகாதுப்பா. எங்க வீட்டுக்காரரு கடைசியா கெடந்தது இங்கதான். அப்புறம் இன்னைக்குத்தான் வாரேன்."

"நீங்க வெளிய இருங்க மேடம், நான் பாத்துக்கிறேன்."

"ச்சுப். பேசாத."

உள்ளே என்னைப் படுக்கவைத்தார்கள். ஊசியைப் பார்த்ததும் எனக்குக் கண் இருண்டது. மேடம் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி, அலுவலகத்துக்கே கேட்கிற குரலில் கதை சொல்ல ஆரம்பித்தார்.

"நாலாவது எபிசோடு கேளு. அந்தப் பக்கத்து வீட்டு ஆளு ஸ்ட்ரெச்சர்ல ஏற மாட்டேன்னு நர்ஸ ஏறச் சொல்லுதாரு. அவ ஏறிப் படுத்துட்டா. வார்டுபாய் பாக்காம தள்ளிட்டுப் போயிட்டான்..."

"மேடம், மேடம்!" என்று டாக்டர் ஊசியோடு நிமிர்ந்தார். "நான் இன்னும் ரெண்டாவது எபிசோட்லதான் இருக்கேன்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆடக்கூடாது என்று திட்டினார்கள். குத்தியது எப்போது என்று தெரியவில்லை.

முடிவு வர எட்டு நாள் என்றார்கள். வெளியே வந்ததும் மேடம் சொன்னார்: "அந்த எபிசோடுல எனக்குப் புடிக்காதது ஒண்ணு இருக்கு. டெஸ்ட் எடுக்கான், அடுத்த சீன்ல ரிசல்ட்டு வந்துருது. நடுவுல உள்ள நாள எவனும் காட்டமாட்டான்."

அந்த நாட்களை நான் பார்த்தேன். சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அலுவலகத்திலோ வேறொரு பீதி. இடையில் வந்த திங்கட்கிழமை மேடம் யாரையும் எதுவும் கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு ஜன்னல் வழியாகத் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிஸ்வாஸ் தாங்க முடியாமல் தானாகவே போய் நின்றார்.

"மேடம், நிஜமாவே ஒரு படம் பாத்தேன். முழுசா. புடிக்கல."

"அப்படியா" என்றார் மேடம்.

பிஸ்வாஸ் முகம் வெளுத்துத் திரும்பி வந்தார். "மேடத்துக்கு என்னமோ ஆயிடுச்சு. குச் கட்பட் ஹை, ஏதோ சரியில்ல" என்று என் காதில் சொன்னார். காரணம் தெரிந்த என்னால் பிஸ்வாஸ் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எட்டாம் நாள் கவுண்டரில் கவரை வாங்க என் கை நீளவில்லை. மேடம்தான் வாங்கினார். படிக்கட்டில் உட்கார்ந்து பிரித்தார். மேலிருந்து கீழே ஒரு முறை, மறுபடி ஒரு முறை. நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சாதாரண நீர்க்கட்டி. ஒண்ணுமில்லப்பா. ஒண்ணுமே இல்ல."

கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் வெகுநேரம் துடைத்தார். பிறகு, "முடிவு நல்லாருக்கு. எழுத்துதான் சரியில்ல" என்றார்.

ஸ்கூட்டரில் ஏறினோம். என்னை அறையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதாகச் சொன்னவர், டாலிகஞ்ச் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், எதையோ நினைத்தபடி நேராக ஓட்டிக்கொண்டு போனார். தோளைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். இன்னும் கொஞ்ச தூரம் அவர் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும் போலிருந்தது.