பவுடருக்கு அடங்காத கிருமி

1983 ஜூலை 12, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணி. குற்றாலத்திலிருந்து தென்காசி வரை மெல்லிய சாரல். ராமசேஷனின் புதிய காவிப்பொடித் தொழிற்சாலையில், தொட்டியை எட்டிப் பார்த்தபடி சுகாதார ஆய்வாளர் அருமைநாயகம் குழம்பி நின்றார்.

வாசற்பலகையில் குழப்பமில்லை: ‘இங்குக் கிருமிகளைக் கொண்டு இரும்பு நீரிலிருந்து காவி தயாரிக்கப்படும்.’

கிருமி என்றால் பேதி என்பதே அவர் கற்ற பாடம். தொட்டிக்குப் பின்னால் வாய்க்கால். வாய்க்கால் சிற்றாற்றில் சேரும். ஆற்றில் தென்காசி குளிக்கும். சீசன் நேரத்தில் ஊருக்குப் பேதி கண்டால், முதலில் போவது தம் வேலை.

“முதலாளி எங்க ஆச்சி?”

“மெட்ராஸ் போயிருக்காக. இன்னைக்கு ரயில்ல வருதாக,” என்றாள் காவலுக்கிருந்த பிச்சம்மாள்.

அதுவரை பொறுக்க அவருக்கு மனமில்லை. விளிம்புவரை வெளிர்பச்சையாய், சாதுவாய்க் கிடந்த இரும்பு நீரில், பவுடர் பட்டுப் பட்டே துருவேறிப்போன தம் வாளியால், சைக்கிளில் கட்டி வந்த மூட்டையிலிருந்து ஒரு வாளி பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார்.

நீர் சிவந்தது.

“ஐயய்யோ! கோவம் வந்துட்டோ அதுக்கு?”

“சாகும்போது அப்படித்தான் இருக்கும்,” என்றார், தமக்கே நம்பிக்கையில்லாமல்.

இன்னொரு வாளி கொட்டினார். துருப்போல் செங்குழம்பு திரண்டது.

“சாவுத மாதிரி தெரியலையே சார். குட்டி போடுத மாதிரில்லா இருக்கு!”

“சும்மா இரிங்க ஆச்சி!”

மூன்றாவது வாளியில் தொட்டி நிரம்பி, செந்நீர் வாய்க்காலை நோக்கி வழிந்தது. பதறி மண்ணை வாரி அணை போட்டவர், வழுக்கி அணையின் மேலேயே அமர்ந்தார். எழுந்தபோது அவருடைய வெள்ளைக் கால்சட்டை கோயில் மதிலைப்போல் பட்டை பட்டையாக இருந்தது.

“சார், ஒரு சூடம் கொளுத்திப் பாப்பமா?”

எந்தப் புத்தகத்திலும் இப்படியொரு கிருமி இல்லை. பவுடரில் சாகாதது மட்டுமன்று, பவுடரைத் தின்றல்லவா பெருகுகிறது! ஈரக் கையோடு உத்தரவு எழுதினார்: ‘பிளீச்சிங் பவுடருக்கும் அடங்காத கொடுங்கிருமிகளை வளர்ப்பதால், இத்தொழிற்சாலை நிரந்தரமாக மூடப்படுகிறது.’

கையொப்பமிட்டு நிமிர்ந்தபோது ராமசேஷன் உள்ளே வந்தார். தொட்டியைக் கண்டு திகைத்தார்.

“இவ்வளவு காவி எப்படி வந்தது?”

அருமைநாயகம் உத்தரவை அவர் கையில் திணித்தார்.

பின்னாலேயே, வைக்கோல் சுற்றிய கண்ணாடி ஜாடியொன்றை மார்போடு அணைத்தபடி வந்தார் வண்டிக்காரர் மசூது.

“மொதலாளி, கிருமியெல்லாம் இந்த ஜாடிக்குள்ளதான இருக்கு? எங்கன எறக்க?”