என் வீட்டுக்கு வரியைக் கூட்டுங்கள்

அன்பு மச்சான் க்ளென்னுக்கு,

நியூ ஜெர்சியிலிருந்து வால்டர் எழுதுவது. நானும் உன் தங்கை டோரினும் சௌக்கியம். அங்கே நீயும், புதிதாக வைத்த உன் முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

நன்றி நாள் விருந்தில் வான்கோழியை அறுத்துக்கொண்டே, "வீடு வாங்கிட்டேல்ல மாப்ளே, இனிமே வீட்டு வரிய வருமான வரியில கழிச்சுக்கலாம், விட்டுடாதே" என்று ஒரு வார்த்தை சொன்னாயே, அன்றோடு என் தூக்கம் போயிற்று. அதற்கு முன்பு, இந்தத் தீப்பெட்டிக்கா இவ்வளவு வரி என்று நான் புலம்பாத நாளில்லை. புலம்பும்போதெல்லாம் டோரின் முகம் வாடும். காலமெல்லாம் வாடகைக்கு இருந்துவிட்டு அவள் ஆசைப்பட்டு வாங்கிய வீடு அல்லவா? அது எனக்கு உறைக்கவில்லை. வரி கூடினால் கழிவும் கூடும், அப்படியானால் கூட்டிக்கொள்வதுதானே லாபம் என்பது மட்டும் நன்றாக உறைத்தது. உடனே வரி முறையீட்டு மன்றத்துக்கு மனுப் போட்டேன்.

விசாரணைக்கு டோரினும் வந்தாள். வழக்கம்போல வீட்டைத் திட்டப் போகிறேன் என்று நினைத்து, கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கே வருகிறவர்கள் எல்லாருமே வரியைக் குறைக்கச் சொந்த வீட்டை மட்டம் தட்டத்தானே வருகிறார்கள்! போன கோடையில் எங்களுக்குக் கறி வாட்டிப் போட்டுத் தன் வீட்டை அரண்மனை என்று அளந்த பக்கத்து வீட்டு ஹார்வி, நிலவறையில் தண்ணீர், கூரையில் ரக்கூன் குடும்பம் என்று படம் காட்டி மூக்கைச் சிந்தினார். அடுத்து நான். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன் மச்சான். வாசல் மேப்பிள் மரம், படிக்கட்டு முனகும் அழகு, காலையில் சமையலறை மேசைமேல் விழும் வெயில். அந்த வெயிலை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. மன்றத் தலைவி கண்ணாடியைக் கழற்றி, குறைக்கத்தானே கேட்கிறீர்கள் என்றார்.

"இல்லம்மா, கூட்டுங்க. இந்த வீட்டோட அருமை உங்க ஆளுங்களுக்குத் தெரியல."

ஹார்வி என் கோட்டைப் பிடித்து இழுத்தார். "யோவ், உக்காருய்யா. உன்னைக் காட்டி எங்களுக்கும் ஏத்திருவானுங்க."

கூட்டித் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஹார்வி என்னோடு பேசுவதில்லை. ஆனால் வரும் வழியில் காரில் டோரின் அழுதுவிட்டாள். "இந்த வீடு உனக்குப் பிடிக்கலைன்னு தெனமும் மனசு அடிச்சுக்கும், வால்டர்" என்றாள். இரவு எனக்குப் பிடித்த ஆப்பிள் பை. நம் வீட்டில் இப்போது சந்தோஷம்.

ஈஸ்டருக்கு அவசியம் வா. உன் குடும்பத்தார் அனைவருக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
உன் மாப்பிள்ளை வால்டர் நோவாக்

பி.கு.: உறையை ஒட்டும் முன் வரிக்கணக்கு எழுதும் அம்மாளைப் பார்த்து வந்தேன். எங்களைப் போன்ற தம்பதிக்கு அரசாங்கம் கேட்காமலே தரும் பொதுக் கழிவே எங்கள் வீட்டு வரி, கடன் வட்டி எல்லாவற்றையும் விட அதிகமாம். ஒன்று அது, இல்லையென்றால் இது, இரண்டும் சேர்த்துக் கிடையாதாம். ஆக, ஏற்றிய வரி முழுக்க என் பையிலிருந்துதான். மனுவைத் திரும்பப் பெற வெள்ளிக்கிழமை வரை நேரமுண்டு. பெறப்போவதில்லை. டோரின் வாசலுக்கு மஞ்சள் பெயின்ட் வாங்கி வந்துவிட்டாள். ஈஸ்டருக்கு வரும்போது இந்தக் கழிவுப் பேச்சை அவளிடம் உளறிவைத்தாயோ, உன் அடுத்த முழங்காலுக்கு நான் பொறுப்பில்லை. இன்று காலை சமையலறையில் போய் நின்று பார்த்தேன். வெயில் மேசைமேல்தான் விழுகிறது.