அதுக்கு மேல ஒண்ணு

கம்பைநல்லூர் வட்டாரத்தில் ஓர் ஏலம் நடந்து, அதில் மேலொண்ணு அண்ணன் வாயைத் திறக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்று, நடந்தது ஏலமாக இருக்காது. அல்லது நின்றது அவராக இருக்காது. கோயில் தேங்காய், பட்டியில் அடைத்த மாடு, சந்தைச் சுங்கம், ஏரி மீன், இடிந்த சத்திரத்து உத்தரம், எதை ஏலம் போட்டாலும் முன்வரிசையில் ஒரு பழுப்பு வேட்டி வந்து நிற்கும். யார் என்ன விலை சொன்னாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதுக்கு மேல ஒண்ணு" என்று ஒரு குரல் வரும். மற்றவர்கள் பத்தும் ஐம்பதுமாக ஏற்றுவார்கள். இவர் ஏற்றுவது எப்போதும் ஒரே ஒரு ரூபாய்.

இத்தனை ஏலம் கேட்டவர் வீட்டில் ஏலத்தில் எடுத்த ஒரு துரும்பு கிடையாது. அவருக்கு வேண்டியது பொருள் இல்லை, கேட்கிற சுகம். எதிராளியின் தொண்டைக்குழியைப் பார்த்துக்கொண்டே கேட்பார். குழி ஏறி இறங்கினால் ஆளுக்கு ஆசை தீரவில்லை என்று அர்த்தமாம். அது அசையாமல் நின்றுவிட்டால் ஆள் விடப்போகிறான், அதற்குள் நாம் விலகிவிட வேண்டும் என்பார். கோயில் தர்மகர்த்தாக்கள் ஆள் அனுப்பியே கூப்பிடுவார்கள். அவர் வந்தால் விலை ஏறும், கூலி ஒரு தேங்காய் மூடிதான்.

குடும்பம் ஓடியது அவர் மனைவியின் இட்லிக் கடையில். அந்த அண்ணிக்கு ஒரே ஒரு நிபந்தனை. ஏலத்துக்குப் போகலாம், காசோடு போகக் கூடாது. அவர் வாசற்படி தாண்டும்போது சட்டைப் பை, வேட்டி மடிப்பு எல்லாவற்றையும் தடவிப் பார்த்துத்தான் விடுவார். "இந்த மனுசன் கையில காலணா இருந்துச்சுன்னா யானைய ஏலம் எடுத்தாந்து என் அடுப்படியில கட்டிப்புடும்" என்று காரணமும் சொல்வார்.

நான் அந்தத் தெருவுக்கு வாழ வந்த அன்றைக்கே அவரிடம் அகப்பட்டுக்கொண்டேன். பெண் அஞ்சாவது வரைக்கும் படித்திருக்கிறாள் என்று என் அப்பா பந்தலில் பெருமையாகச் சொன்னார். பின்னாலிருந்து, "அதுக்கு மேல ஒண்ணு" என்று குரல் வந்தது. அன்று முதல் ஊரைப் பொறுத்தவரை நான் ஆறாவது படித்தவள். உள்ளூர்ப் பள்ளிக்கூட வாத்தியார்கூட அதைச் சந்தேகப்பட்டதில்லை.

எங்களுக்கு ரோட்டோரத்தில் கொஞ்சம் மேட்டு நிலம் இருந்தது. நிலத்தைவிட அதன் வரப்பில் நின்ற புளியமரங்கள்தான் சொத்து. கிணறு வெட்டினால் நெல் போடலாம் என்று என் வீட்டுக்காரருக்கு ஆசை. புளி மண்டிக்காரரிடம் நிலத்தை அடமானம் வைத்துக் கிணறு வெட்டினோம். பாறைதான் வந்தது, தண்ணீர் வரவில்லை. கடன் வாங்கிக் கல்லைப் பார்த்த குடும்பம் என்று எங்களுக்குப் பேர் ஆயிற்று.

பட்ட காலிலே படும் என்பார்களே, அடுத்த வருஷம் அவருக்கு முறைக்காய்ச்சல் வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் உதறித் தள்ளும். இருக்கிற கம்பளி எல்லாம் போர்த்தினாலும் கட்டில் ஆடும். யுத்த காலம், கொய்னா மாத்திரையும் கிடைக்கவில்லை. ஏர் பிடித்த மனிதர் எழுந்து வாசலுக்கு வர என் தோள் வேண்டியிருந்தது. விதைப்பு போயிற்று, வட்டி நின்றது. விவசாயிகளின் கடனைக் குறைக்கச் சட்டம் வந்திருந்தது, வாஸ்தவம்தான். ஆனால் அது பழைய கடனுக்கு. எங்களுடையது அதற்கப்புறம் வாங்கிய புதுக் கடன்.

மண்டிக்காரர் நோயாளியைப் பார்க்க வருவார். வந்து, நோயாளியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பார். போகும்போது ரோட்டில் நின்று மரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார். அந்த வருஷம் பிஞ்சு விட்டிருந்த விதத்தில் கிளை தரையைத் தொட்டது. புளி விலையும் ஏறியிருந்தது. மாசி கடைசியில் உலுக்கிப் பங்குனியில் விற்றால், அசலும் வட்டியும் முக்கால்வாசி தீர்ந்துவிடும். மிச்சத்துக்கு என் வளையல் இருந்தது. அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள், அவர் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று மண்டிக்கே போய்க் கும்பிட்டேன்.

"காய்ச்சல் அவருக்குத்தானேம்மா? வட்டிக்கு இல்லியே" என்றார்.

புளி உதிர்வதற்குள் நிலம் தன் கைக்கு வர வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. ஏற்கெனவே கோர்ட்டில் தீர்ப்பு வாங்கியிருந்தார். மாசி பிறந்ததும் தர்மபுரிக் கோர்ட்டில் ஏலம் என்று நாள் குறித்துவிட்டார்கள். மரத்துக் காயை முன்கூட்டி வேறு வியாபாரிக்கு விற்கலாம் என்று அரூர் வரைக்கும் ஆள் விட்டேன். வழக்கில் இருக்கிற மரம், நமக்கெதற்கு வம்பு என்று ஒருவரும் கிட்டே வரவில்லை.

கோர்ட்டு ஆள் நிலத்தில் வந்து தமுக்கடித்து ஏல அறிவிப்பைப் படித்தான். கட்டிலில் கிடந்தவர் காதில் அது விழக் கூடாதே என்று நான் உரலில் எதையோ போட்டு இடித்துக்கொண்டிருந்தேன். உரலில் ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என் வாழ்க்கையில் அவ்வளவு சிறுமையை நான் வேறெப்போதும் பட்டதில்லை.

தமுக்குச் சத்தம் கேட்டு ஓடி வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? மேலொண்ணு அண்ணன்தான். ஏலம் எத்தனை மணிக்கு, எந்தத் தாழ்வாரத்தில் என்று தமுக்குக்காரனிடம் பக்குவமாக விசாரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்க நெலத்தயுமாண்ணா கேக்கப் போறீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "ஏலம்னு வந்தா போவணுமில்லம்மா" என்றார்.

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நினைக்கிற ஆள் என்று முடிவு கட்டி, அன்றிலிருந்து அவரோடு பேச்சை நிறுத்தினேன். அண்ணியோடு நிறுத்த முடியவில்லை, ஏனென்றால் நோயாளிக்குக் கஞ்சி வடித்துக் கொடுத்ததே அவர்தான்.

ஏலத்தன்று என் வீட்டுக்காரரை அண்ணி பொறுப்பில் விட்டுவிட்டு நான் பஸ் ஏறினேன். போய் என்ன செய்ய முடியும் என்று தெரியாது. நம்முடையது போகும்போது நம்மில் ஒருவராவது கூட நிற்க வேண்டும் என்று தோன்றியது. யுத்தத்தில் பெட்ரோல் இல்லாமல் பஸ் எல்லாம் கரியில் ஓடிய காலம். மேடு வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். மண்டிக்காரர் மட்டும் முன் சீட்டில் இருந்தபடி, ஒத்தாசையாகத் தலையை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார். கழுத்தில் கம்பளி மப்ளர் ஒன்றைச் சுற்றியிருந்தார். மாசி வெயிலுக்கு மப்ளர் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்த மேலொண்ணு அண்ணன் மெல்லச் சிரித்தார்.

விஷயம் இதுதான். இரண்டு வருஷம் முன்பு ஏரி மீன் ஏலத்தில் அண்ணன் "மேல ஒண்ணு, மேல ஒண்ணு" என்று ஏற்றி, மண்டிக்காரர் தலையில் பெரிய விலைக்கு மீன் குத்தகையைக் கட்டிவிட்டு விலகிக்கொண்டார். அந்த வருஷம் ஏரி வற்றிப்போனது. மீனைத் தின்றது கொக்கு, பணத்தைக் கட்டியது மண்டிக்காரர். அந்த வயிற்றெரிச்சலில்தான், தொண்டைக்குழி தெரியாமல் மூடிக்கொண்டு வந்திருந்தார்.

கோர்ட்டுத் தாழ்வாரத்தில், ஜப்தியும் ஏலமும் நடத்துகிற கோர்ட்டு அமீனா ஏலத்தை ஆரம்பித்தார். எடுப்பவர் விலையில் கால் பங்கை அங்கேயே வைக்க வேண்டும் என்று முதலிலேயே சொன்னார். மண்டிக்காரருக்குப் பயந்து வேறு யாரும் கேட்க வரவில்லை. அவர் ஒரு ஜோடி உழவு மாட்டு விலையைச் சொல்லி நிறுத்தினார். அப்போது தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"அதுக்கு மேல ஒண்ணு."

மண்டிக்காரர் ஐம்பது ஏற்றினார். இவர் ஒன்று ஏற்றினார். அவர் நூறு ஏற்றினார். இவர் அதே ஒன்று. விலை ஏறினால் கடன் போகக் கொஞ்சம் நமக்கு மிஞ்சும் என்ற புத்தி எனக்கு அப்போதுதான் வந்தது. இதற்கா வந்தீர்கள் அண்ணா என்று மனசுக்குள் கும்பிட்டேன். விலை கடன் தொகையைத் தொடும் இடத்துக்கு வந்தது. அண்ணன் இன்னொரு தடவை, "அதுக்கு மேல ஒண்ணு" என்றார்.

மண்டிக்காரர் மப்ளரை நன்றாக இழுத்து விட்டுக்கொண்டார். "எனக்கு வேணாமுங்க. அவரே எடுத்துக்கட்டும்" என்றார்.

அமீனா ஒரு தரம் என்றார், இரண்டு தரம் என்றார். நாலாபக்கமும் பார்த்துவிட்டு மூன்று தரம் என்று முடித்தார். வாழ்நாளில் முதல் தடவையாக மேலொண்ணு அண்ணன் ஒன்றை ஏலத்தில் எடுத்துவிட்டார். எடுத்தவர் பேர் என்ன என்று அமீனா கேட்டபோது, அவருக்கே கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியிருந்தது. சொன்ன பேரை நான் அன்றைக்குத்தான் கேட்டேன், இப்போது மறந்துவிட்டது.

பிறகு அமீனா கால் பங்கைக் கேட்டார். அண்ணன் சட்டைப் பையில் கையை விட்டார். வேட்டி மடிப்பை அவிழ்த்தார். துண்டை உதறினார். ஒரு துண்டு பீடியும் கொஞ்சம் பொட்டுக்கடலையும் விழுந்தன. பணத்துக்கு ஆள் வருகிறது, இதோ போய்க் கூட்டி வருகிறேன் என்று மிகுந்த மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பஸ் நிலையம் பக்கம் நடந்தார்.

அமீனா விவரமானவர். பணம் வராவிட்டால் உடனே மறு ஏலம் போட்டுவிடலாம் என்றார். அங்கேதான் மண்டிக்காரருக்குச் சனி நாக்கில் உட்கார்ந்தது. மீன் குத்தகை ஆத்திரம் தீர வேண்டாமா? "எவ்வளவு நேரம் ஆனாலும் இருங்க. பணமில்லாம ஏலம் கேட்டான்னு அவன ஜட்ஜு ஐயா முன்னால நிறுத்திட்டுத்தான் மறு வேலை" என்று ஒற்றைக் காலில் நின்றார்.

இருந்தார்கள். வெயில் தாழ்வாரத்தை விட்டு இறங்கியது. மண்டிக்காரர் மப்ளருக்குள் வேர்த்து வழிந்தார். கோர்ட்டு மூடுகிற மணி அடித்ததும் அமீனா காகிதங்களைக் கட்டினார். இன்றைய நேரம் முடிந்தது, இனிப் புதிதாக அறிவிப்பு, புதிதாகத் தமுக்கு, புதிதாகத் தேதி என்றார். மண்டிக்காரர் குதித்த குதியில் மப்ளர் அவிழ்ந்து விழுந்தது. தேதி எப்போது வரும் என்று கேட்டார். சித்திரைக்குள் வந்தால் உங்கள் அதிர்ஷ்டம் என்றார் அமீனா.

நான் விரல் விட்டு மாதங்களை எண்ணிப் பார்த்தேன். சித்திரை! எங்களுக்குப் பங்குனி போதும்.

மறுநாள் அமீனா இன்னொரு செய்தி சொல்லியனுப்பினார். மறு ஏலத்தில் விலை குறைந்தால் அந்தக் குறைவை மேலொண்ணு அண்ணன்தான் கட்ட வேண்டுமாம். அவரிடம் ஜப்தி செய்ய இருந்தது இட்லிக் குண்டான் ஒன்றுதான். அண்ணி அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவரைப் பேசிய பேச்சைத் தெருவே நின்று கேட்டது. அவர் பதிலுக்கு ஒரு வார்த்தை ஏற்றவில்லை.

மாசி கடைசியில் புளி உலுக்கினோம். தெருவில் இருந்த அத்தனை பெண்களும் வந்து கொட்டை தட்டிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்து, அதைச் செய், இதைச் செய் என்று அதட்டிக்கொண்டிருந்தார். அவர் அதட்டியதைக் கேட்டுத்தான், மனுஷன் பிழைத்துக்கொண்டார் என்று எனக்குத் தைரியம் வந்தது. அரூர் வழியாகத் திருவண்ணாமலைக்கு வண்டி கட்டி அனுப்பினோம். புளிப் பணத்தையும் என் வளையல் விற்ற பணத்தையும் சேர்த்துக் கோர்ட்டில் கட்டிய அன்று, மறு ஏலத்துக்கே வேலை இல்லாமல் போய், நிலம் எங்களுடையது, இட்லிக் குண்டான் அண்ணியுடையது என்று ஆயிற்று. அன்று ராத்திரி நான் தூங்கிய தூக்கத்தை இன்னொரு தடவை தூங்க முடியாது.

தெரிந்துதான் செய்தீர்களா என்று அண்ணனை எத்தனையோ தடவை கேட்டேன். ஒப்புக்கொள்ளவே இல்லை. "மப்ளரைச் சுத்திக்கிட்டு வந்தா தொண்டைய எப்புடிம்மா பாக்குறது? ஏமாந்துட்டேன். வெளிய சொல்லாத" என்று கெஞ்சுவார். தோற்ற அவமானம் போலவே முகத்தை வைத்துக்கொள்வார். நானும் நம்பினேன்.

ஒருநாள் சட்னி அள்ளி வைத்துக்கொண்டே அண்ணிதான் சொன்னார். "உங்க ஏலத்தன்னிக்கு நான் மறந்தே போயிட்டேன் தாயி. அதுவா வந்து எம் முன்னால நின்னு, நல்லா தடவிப் பாரு, சல்லிக் காசு இருக்கப்புடாது இன்னிக்குன்னு ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நின்னுச்சு."

அதற்கப்புறம் நான் அவரைக் கேட்கவில்லை. வருஷா வருஷம் புளி உலுக்கியதும் முதல் கூடை அவர் வீட்டுக்குப் போகும். போதுமா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியுமாதலால், இரண்டாவது கூடையையும் கூடவே அனுப்பிவிடுவேன். இந்த வருஷம் கேட்க அவர் இல்லை. அண்ணி, ஒரு ஆளுக்கு ஒரு கூடை எதேஷ்டம் என்று சொல்லியனுப்பினார்.

நான் அதுக்கு மேல ஒண்ணு அனுப்பினேன்.