மாயக்கோட்டையின் கடைசி வாசல்

இந்த முறை அட்டையில் என் சொந்தப் பெயர் வந்தே தீரும் என்று 2002 பொங்கலன்று சபதம் போட்டேன். அந்த வாயை இப்போது நானே தைத்துக்கொள்ளலாம்.

'மாயக்கோட்டை' என்ற வீடியோ கேமைப் பாகம் பாகமாக ஆடிப் பார்த்து, அதை நாவலாக எழுதுவது என் ரகசிய உத்தியோகம். அட்டையில் 'வஜ்ரன்' என்ற புனைபெயர்தான். வஜ்ரன் யாரென்று மூச்சு விடக் கூடாது என்பது பதிப்பாளர் ஞானதாஸின் கண்டிப்பு. அதனால் சாலவாக்கத்திலிருந்து மாமனார் எப்போது வந்தாலும், உரக்கடையிலிருந்து திரும்பியதும் டிவி முன்னால் ஜாய்ஸ்டிக்கோடு உட்காரும் மாப்பிள்ளையைத்தான் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். "நாலாவது பாகத்துக்கு உங்க பேரையே போட்டுடலாம்" என்று ஞானதாஸ் சொன்னதும், வேதகிரி என்ற பெயரை மாமனாரின் மூக்குக்கு நேரே நீட்டத் துடித்தேன்.

ஆனால் நாலாவது பாகத்தின் கடைசி வாசலில் பூதம் என்னைக் கொன்றுகொண்டே இருந்தது. முடிவே தெரியவில்லை. போகட்டும் என்று, கேமில் நான் ஆட்டுவிக்கும் ராணியைக் கதையில் கொன்றுவிட்டேன். சோகமாக முடித்தால் இலக்கியம் என்பார்கள்.

என் கையெழுத்து எனக்கே புரியாது. என் மனைவி பரிமளாதான் திருத்தமாக நகல் எழுதித் தபாலில் சேர்ப்பாள்.

"இன்னாய்யா, ராணிய சாவடிச்சிகீற?"

"சோகம்டீ. ஒனக்குப் புரியாது."

"அவ சாவ மாட்டா. வாசலாண்ட கெணறு கீது. முங்குனா அந்தாண்ட போயிடலாம்."

"நீ இன்னாத்த கண்ட? எழுதிகீறத எழுது."

"பொட்டில ரெண்டு ஜாய்ஸ்டிக் கீதே. சாயங்காலம் நானும் ஒக்காரட்டா?"

"இது உத்தியோகம். போய் சோத்தப் பாரு."

சிரித்தாள். அந்தச் சிரிப்பை விசாரித்திருக்க வேண்டும். நகலையாவது படித்திருக்க வேண்டும். என் புத்தகம் ஒன்றைக்கூட அச்சில் நான் படித்ததில்லை. எழுதியவனுக்கு எதற்கு என்ற திமிர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானதாஸ் பஸ் ஏறி உத்திரமேரூருக்கே வந்துவிட்டார்.

"ராணி கெணத்துல முங்கித் தப்பிக்கிற எடம் பிரமாதம் சார்! எப்படிப் புடிச்சீங்க?"

நான் ராணியைக் கொன்றல்லவா எழுதியிருந்தேன்! சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. உண்மையைச் சொன்னால் பெயர் போய்விடும்.

"கஷ்டப்பட்டுதான் சார்."

"கொஞ்சம் ஆடிக் காட்டுங்க. எங்க ஆபீஸ்ல யாருக்கும் தாண்ட வரல."

ஆடினேன். செத்தேன். மறுபடி ஆடினேன். மறுபடி செத்தேன். "டிவி பழசு" என்றேன்.

பரிமளா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஜாய்ஸ்டிக்கை வாங்கினாள். ராணி பூதத்தின் காலிடுக்கில் புகுந்தாள், கிணற்றில் குதித்தாள், அந்தப் பக்கம் ஏறினாள். பரிமளா உட்காரக்கூட இல்லை.

"ஏம்மா, நீங்களா எழுதினது?"

"அவரு கடைக்குப் போனப்பறம் ஆடிக்கினு இருப்பேன் சார். மொத மூணுத்துலயும் கொஞ்சம் மாத்திகீறேன். அவரு படிச்சாதான?"

அதற்குப் பிறகு ஞானதாஸ் என் பக்கம் திரும்பவே இல்லை.

புத்தகம் வந்தது. அட்டையில் 'பரிமளா' என்று பெரிய எழுத்து. அழகாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு அந்த இன்னொரு ஜாய்ஸ்டிக்கை அவள் கையில் கொடுத்திருந்தால் இரண்டு பேர் பெயரும் வந்திருக்கும். அதுகூடப் பரவாயில்லை. பகலெல்லாம் அவள் தனியாக ஆடியிருக்கிறாள் என்பதுதான் மனசைப் போட்டு அறுக்கிறது.

செய்தி கேட்டு மாமனார் வந்தார். அட்டையைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எம் பொண்ணு இன்னாமா எழுதிகீது பாத்தீங்களா மாப்ள? நீங்களும் சும்மா வெளாடிக்கினே இல்லாம, எதுனா எழுதக் கூடாதா?"