முதலாளி பேர்ல ஒரு கோட்டா

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. கடை சர்வர்ல ஆளுக்கு இவ்வளவு இடம்தான்னு கோட்டா போடணும்.

நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்ல. காஜா பெராங்ல ஒரு பிரிண்டிங் கடையில பேனர் அடிக்கிறவன். ஒரு தடவ நின்னுபோன பிரிண்டரத் தட்டி ஓட வச்சேன். அன்னையிலேருந்து கடைக்கு ஐ.டி. டிபார்ட்மெண்ட் நான்தான். சம்பளம் பழைய சம்பளம்தான்.

சர்வர் அடிக்கடி நிரம்பிடும். காரணம் முரளி. கல்யாணக் கார்டு டிசைன் பண்றவன், ஆனா சேத்து வைக்கிறது பூரா சினிமா. அவனுக்குக் கடிவாளம் போடணும்னு எனக்கு ரொம்ப நாள் வெறி.

காலையில கட்டளைய அடிச்சேன். ஒரு ஆளுக்கு இருபது ஜி.பி. கம்ப்யூட்டர் எப்ப எந்திரிச்சாலும் கோட்டாவும் கூடவே எந்திரிக்கிற மாதிரி எழுதி வச்சேன். முரளியப் பாத்து ஒரு சிரிப்பு வேற.

கொஞ்ச நேரத்துல டிசைனர் கலாக்கா கூப்பிட்டாங்க. "தம்பி, சேவ் ஆகல. அளவு தாண்டிருச்சுங்குது."

அவங்க செஞ்சுக்கிட்டிருந்தது புக்கிட் பாருல ஒரு குடியிருப்புச் சங்கத்தோட மெர்டேக்கா பேனர், அதான் சுதந்திர தினத்துக்கு. விடிஞ்சா கொடியேத்தம். சங்கத் தலைவர் எதிர்லயே உக்காந்திருக்கார். "முடியலன்னா சொல்லுங்க லா, செங் பக்கம் வேற கடையில அடிச்சுக்கிறேன்"னு ஏற்கனவே மிரட்டியாச்சு. அந்த ஆர்டர் போனா என் வேலையும் கூடவே போகும்.

அந்தப் பக்கத்துலேருந்து முரளி, "எனக்கும் ஆகல லா."

அப்பதான் மண்டையில உறைச்சுது. எங்க முதலாளிக்கு எல்லாமே அவர் பேர்ல இருக்கணும். கடை, வேன், போன், மைலோ டின் கூட. கம்ப்யூட்டர் வந்தப்பவும், "ஆளாளுக்கு எதுக்குப் பேரு? எல்லாரும் என் பேர்லயே உள்ள போங்க"ன்னுட்டார். தலையாட்டினது நான். சர்வரப் பொறுத்தவரைக்கும் எங்க கடையில வேலை செய்யறது ஒரே ஆளு. அந்த ஆளுக்குத்தான் இருபது ஜி.பி.

"அறிவாளி, மொத்தக் கடைக்கும் பூட்டுப் போட்டுட்டியே"ன்னாங்க கலாக்கா.

அவசர அவசரமா கோட்டாவ நிறுத்தினேன். "இப்ப சேவ் பண்ணுங்க"ன்னு வாயத் திறக்கறதுக்குள்ள முதலாளி வந்துட்டார். ஏர்கான்லேருந்து மீன் தொட்டி வரைக்கும் அவருக்குத் தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணுதான், மெயின் சுவிட்ச். "என்னடா, மாட்டிக்கிச்சா?"ன்னு கேட்டுக்கிட்டே அணைச்சுப் போட்டார்.

பேனர் போச்சு. கம்ப்யூட்டர் எந்திரிச்சுது. கோட்டாவும் கூடவே எந்திரிச்சுது. நான் செஞ்ச ஒரு வேலை சொன்னபடி நடந்தது அன்னைக்குத்தான்.

கலாக்கா என்னைத் திட்டிக்கிட்டே பேனர மறுபடியும் போட்டாங்க. "அக்கா, இருங்க, நிறுத்திடறேன்."

"நீ ஒண்ணையும் தொடாத."

சாவிக்கொத்துல தொங்கின பென்டிரைவ்ல சேவ் பண்ணி, அவங்களே பிரிண்டருக்குக் கொண்டுபோனாங்க. தலைவர் பேனரச் சுருட்டி அக்குள்ல வச்சுக்கிட்டு, "கம்ப்யூட்டருக்கு ஒரு நல்ல ஆளாப் பாருங்க லா"ன்னுட்டுப் போனார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "எவன்டா இவ்வளவு இடத்தப் புடிச்சு வச்சிருக்கான்?"

ஸ்கிரீன அவர் பக்கம் திருப்பினேன். இருந்தது ஒரே பேரு. அவர் பேரு.

கண்ணாடிய ஏத்தி விட்டுப் பாத்தார். முரளி கூரையப் பாத்தான். "சரி, இனிமே ஆளாளுக்குத் தனிப் பேரு போட்டுக் குடு"ன்னார் முதலாளி. எனக்குக் கண்ணே கலங்கிருச்சு.

வாசல் வரைக்கும் போனவர் நின்னார்.

"பாஸ்வேர்ட் மட்டும் எல்லாருக்கும் என் பேரு."